உரம் படாத மூன்றடி

திருத்தணி
டிசம்பர் 10

கர்த்தருக்குள் அன்பான மகள் ப்ளெஸ்ஸிக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, என் சர்க்கரை, என் முழங்கால் என்று நாங்கள் நால்வரும் ஆண்டவர் கிருபையால் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் யாரும் யார் சொன்ன பேச்சும் கேட்பதில்லை. பெர்த்தில் நீ சுகமாயிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் கேட்டிருப்பேன், ஆனால் நான் குரலை உயர்த்தினால் போதும், ஓகே நைனா ஓகே நைனா என்று இரண்டு முறை சொல்லிவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் போகாது, முழுக்கப் படி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்கள் குற்றத்துக்கு வரலாம். ஆர்.கே.பேட்டை போகிற வழியில் இருக்கிற நம் கரட்டு நிலத்தில், சாம்பல் நிறத்தில், இலையெல்லாம் ரோமமாக, என் கணுக்கால் உயரம்கூட வராத ஒரு செடியைப் போன வருஷம் நீ குப்புறப் படுத்துப் படம் எடுத்தாயே. இதை வைத்துத்தான் என் ஆராய்ச்சி, ஜனவரியில் எங்கள் பேராசிரியை அம்மாவை அழைத்துவந்து காட்டப்போகிறேன், அதுவரை அந்த நிலத்தில் ஒரு கைப்பிடி எருகூடப் போடாதே என்று ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறும்போதுகூடச் சொன்னாயே. அந்தச் செடியைக் கொன்றுவிட்டேன். யாரும் தூண்டிவிடவில்லை, நானேதான். முப்பது வருஷமாக உரக்கடையில் உட்கார்ந்து பாதித் தாலுகாவுக்கு எந்தப் பயிருக்கு என்ன போடலாம் என்று சொன்ன வாயும், அளந்து கொடுத்த கையும்தான் அதைச் செய்தன.

காரணம் சுந்தர்சிங். நம் சபைச் செயலாளர் என்ற பெயரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பாரே, அவரேதான். போன வருஷ அறுப்பின் பண்டிகைக்கு வழக்கம்போல நம் நிலத்துக் கத்திரிக்காயைக் கூடையில் வைத்துப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோனேன். உன் மாமன் ரூபஸ் திருவாலங்காட்டு வயலிலிருந்து கரும்பைக் கட்டாகக் கொண்டுவந்து தூணில் சாய்த்து வைத்தான், அது மின்விசிறியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏலம் விடும்போது சுந்தர்சிங் என் கூடையிலிருந்து ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, சகோதரிகள் யாருக்காவது கம்மல் வேணுமா என்று மைக்கில் கேட்டார். சபையே சிரித்தது. உன் அம்மா லோயிஸும் சிரித்தாள், நான் திரும்பிப் பார்த்ததும் இருமினாள். உரக்கடைக்காரன் நிலத்தில் கத்திரிக்காய் கம்மல் அளவு காய்த்தால் என்னிடம் இனி எவன் உரம் வாங்குவான் சொல்.

உடனே ஒன்றும் செய்யவில்லை, மனதில் போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் கடை வாசலை அடைத்துக்கொண்டது, மூன்று நாள் வியாபாரம் இல்லை, கை சும்மா இருந்தது. கடைக்குப் பின்னால் ஈரம் பட்டுக் கட்டி தட்டின யூரியாவும் கிழிந்த டி.ஏ.பி. மூட்டைகளும் கிடந்தன, அவற்றோடு ஒரு டிராக்டர் கோழி எருவையும் ஏற்றிக்கொண்டு போய் நிலம் முழுக்க இறைத்துவிட்டேன். அந்த மண்ணில் இரும்பும் மெக்னீசியமும் நிக்கலும் வழிந்து கிடக்கின்றன, ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்பும்தான் இல்லை என்று நீ சொன்னபோது, இல்லாததைப் போட்டால் தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் செடி பட்டினிக்கென்றே உடம்பைச் சின்னதாக்கி, இலையைத் தடித்துக்கொண்டு, வேரை ஆழமாக விட்டு, கூட்டத்தில் சேராமல் பிழைத்தது, மற்ற செடிகள் வாழ முடியாத இடம் என்பதால்தான் அதற்கு அங்கே இடம் கிடைத்தது என்றும் நீ சொன்னாய். நீ இருக்கிற ஊரில் ஒரு ரகச் செடிக்கு மணிச்சத்து போட்டாலே இலை கருகிச் செத்துப்போகும் என்றாயே, அப்போது நான் பக்கோடா தின்றுகொண்டிருந்தேன், அதை ஆஸ்திரேலியாக்காரன் பெருமை என்று நினைத்தேன்.

மழை விழுந்தது. முதலில் கோரை, அப்புறம் பார்த்தீனியம். இடுப்பு உயரம், வெள்ளைப் பூ, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. உன் செடி அதற்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் அழுகிப்போயிற்று. சரி, கத்திரியாவது காய்த்ததா என்று கேட்காதே. பச்சையாக ஒரு குதி குதித்தது, பிறகு இலை மஞ்சளாகி நின்றுவிட்டது. நான் போட்டதை அது தின்னத்தான் தின்றது, ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கிற உலோகத்தை என் யூரியா என்ன மூட்டை கட்டி வெளியிலா அனுப்பும். இந்த வருஷப் பண்டிகைக்கு ரயிலடிக் கடையில் பூசணி வாங்கி வைத்தேன். ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டேன். அதையும் சுந்தர்சிங் மைக்கில் படித்தார்.

நீயோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல், செடி எப்படியிருக்கு நைனா என்று கேட்டாய். நல்லா இருக்கிறது என்றேன். பூ விட்டிருக்கிறதா என்றாய், விட்டிருக்கிறது என்றேன். ஒரு வாரம் வண்ணத்துப்பூச்சிகூட வந்தது என்று சொன்னேன், அது கொஞ்சம் அதிகம்தான். நவம்பரில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்று நீ சொன்ன மறுநாளே டவுன் பஸ் பிடித்து நிலத்துக்குப் போனேன். பார்த்தீனியத்தை விலக்கி விலக்கித் தேடினேன், உடம்பெல்லாம் அரித்ததுதான் மிச்சம். கடைசியில் கயிற்றோரம் வந்தேன்.

கயிறு உனக்குத் தெரியும். உன் தாத்தா உன் அம்மாவுக்குப் பாதி, உன் மாமனுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்த நிலத்தில், எல்லைக்கல் எங்கே என்று தெரியாத அந்த மூன்றடி அகலப் பட்டை. ஒன்பது வருஷமாக அவன் ஒரு கயிறு கட்டியிருக்கிறான், நான் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். சர்வேயர் இரண்டு தடவை வந்து இரண்டு விதமாக அளந்துவிட்டுப் போனார். தன் பாதியில் அவன் செம்மண் கொட்டி மேடாக்கி பவர்லூம் ஷெட் கட்டிவிட்டான், என் பாதியை நான் இப்போது பார்த்தீனியக் காடாக்கிவிட்டேன். நடுவில் இருக்கிற மூன்றடியில் மட்டும் இருவரும் கால் வைக்கவில்லை. ஆகஸ்டில் நான் உரம் இறைக்கும்போது அவன் அங்கே நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, ஒரு குருணை இந்தப் பக்கம் விழுந்தாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன் என்று கத்தினான். சரிவு என் பக்கம் என்பதால் மழைத் தண்ணீரும் உரத்தை அங்கே கொண்டுபோகவில்லை. அந்தப் பட்டையில் நாற்பத்தொரு செடி இருக்கிறது, ப்ளெஸ்ஸிம்மா. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்து எண்ணினேன். கடுகு அளவு ஊதாப் பூ. தறி ஓட்டுகிறவர்கள் ஷெட்டுக்கு வெளியே வந்து, பெரியவருக்கு ஃபிட்ஸா என்று விசாரித்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் நம் சபை ஐயருக்கு ஞானம் பிறக்க வேண்டுமா. மனஸ்தாபத்தோடு இரண்டு பேர் அப்பமும் திராட்சரசமும் வாங்க ராப்போஜனத்துக்கு வருவது சரியில்லை, கிறிஸ்துமஸுக்குள் ஒப்புரவாகுங்கள் என்று நம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றரை அடி, நடுவில் ஒரு பொதுச்சுவர், தீர்ந்தது என்றார். உன் அம்மா அழுதுகொண்டே காபி கொடுத்தாள், ஒன்பது வருஷமாக அவள் கேட்ட ஜெபம் அது. சுவர் என்றால் அஸ்திவாரம், அஸ்திவாரம் என்றால் தோண்டல், தோண்டினால் நாற்பத்தொன்றும் போயிற்று. உண்மையைச் சொல்லலாம் என்றால் உன் அம்மா தம்பியிடம் சொல்லாமல் மூச்சுகூட விடமாட்டாள், அவனுக்குத் தெரிந்தால் என்னைப் பழிவாங்கவே பிடுங்கிவிடுவான் என்று பயந்தேன். ஆகவே ஒரு அங்குலம் விடமாட்டேன் என்று ஐயர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், சுவர் கட்டலாம் என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த உன் மாமனும் மாட்டேன் என்றான். ஐயர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டைத்தான் பேசவிடுகிறாள்.

போன ஞாயிறு ராப்போஜன ஆராதனை. சபை முழுக்க எழுந்து பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டது. இந்தப் பக்க பெஞ்சில் நான், அந்தப் பக்க பெஞ்சில் அவன், வேறு யாரும் இல்லை. உன் அம்மா திரும்பி வரும்போது எங்கள் இருவரையும் பார்க்காமல் நடுவில் நடந்து போனாள். எனக்கு அது சுருக்கென்றது, முழங்காலுக்கு ஓய்வு என்று சிரித்துத் தள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அவன் பக்கத்தில் வந்து நின்றான். ஒன்பது வருஷத்தில் கத்தாமல் பேசினது அதுதான் முதல் தடவை. "செடிய நான் பாத்துகினு இருக்கேன் பாவா. நீ எட்டவே நில்லு" என்று சொல்லிப் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

அதில் நீ ஜூன் மாதம் அவனுக்குப் போட்ட செய்தி. மாமா, நைனா கையில உரம் சும்மா இருக்காது, அந்த மூணு அடிய மட்டும் விட்டுக் குடுத்துடாதீங்க, சண்ட போட்டுகினே இருங்க. கூடவே, நான் இங்கே நல்லா இருக்கேன், நைனாகிட்ட சொல்லாதீங்க என்று கடற்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம். அதற்குக் கீழே அவன் அனுப்பின வீடியோ, ஆகஸ்டில் நான் உரம் இறைப்பது, வேட்டி காற்றில் பறக்கிறது, மேய்ப்பன் மாதிரி இருக்கிறேன். அப்படியென்றால் நாலு மாதமாக உனக்கு எல்லாம் தெரியும். நான் பூவைப் பற்றிச் சொன்னபோதும் தெரியும், வண்ணத்துப்பூச்சி பறந்தபோதும் தெரியும். நான் சொன்னது பொய், நீ கேட்டது பொய், கர்த்தர் முன்னால் யாருக்கு அதிக அடி விழும் என்று நீயே யோசி. பெற்ற தகப்பனை நம்பாமல், என் எதிரியைக் காவல் வைத்தாய். அதைவிட எரிச்சல், நீ நம்பாதது சரியாகப் போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை, ஜனவரிக்குள் இறங்கும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது.

சரி, வரும்போது பேராசிரியை அம்மாவுக்குத் தொப்பி கொண்டுவரச் சொல், அங்கே நிழல் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வா, உன் மாமன் வீட்டில் சாப்பிடாதே. படம் எடுப்பதானால் என் கயிற்றுப் பக்கம் படுத்து எடு, செடி யார் நிலத்தில் இருந்தது என்று எழுத வேண்டி வந்தால் தகராறில் உள்ளது என்று எழுது, என் பெயரை முதலில் போடு. பார்த்தீனியத்தைக் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், கடையிலிருந்து மருந்து ஒன்றும் எடுக்கவில்லை, உன் அம்மா பைபிள் மேல் சத்தியம். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் புத்தியையும் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பாராக.

இப்படிக்கு,
இன்னும் உரம் விற்கிற உன் நைனா
நேசகுமார்

முக்கியமானதை விட்டுவிட்டேன். நேற்று பக்கத்து நிலத்து ரஞ்சிதம் வீட்டு ஆடு பட்டைக்குள் புகுந்துவிட்டது. அது உன் செடியை மோந்து பார்த்து முகம் சுளித்ததே தவிரத் தின்னவில்லை, ஆனால் மிதித்துவிடுமே என்று நான் இந்தப் பக்கமிருந்தும் ரூபஸ் அந்தப் பக்கமிருந்தும் கல்லை எடுத்தோம். நான் விட்ட கல் ஆட்டைத் தாண்டி அவன் ஷெட் கூரையில் விழுந்து ஒரு ஷீட் விரிசல் விட்டுவிட்டது. இன்று காலையில் போலீஸ் ஸ்டேஷனில் என் பேரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏண்டா என்று ஆள் விட்டுக் கேட்டால், பாப்பா சண்டையை விடாதே என்று சொல்லியிருக்கிறது என்கிறான்.