மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாத ஊசி

தாம்பரம்
4.6.2025

அன்புள்ள அண்ணிக்கு சுபத்ரா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. போனில் பேசினால் பேத்தி மிருதுளா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் காகிதம்.

இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. மருமகள் ஸ்ரீவித்யாவிடம் மட்டும் சொன்னேன். "ஸ்கேன் எடுத்து, ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துடணும் அத்தை" என்று நச்சரிக்கிறாள். ஆவணியில் மிருதுளா கல்யாணம். பரம்பரை வியாதி என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டால்? என் பேத்தி இன்ஜினியர், அண்ணி. என்னால் அவளுக்கு ஒரு குறை வரக் கூடாது. என்ன செய்யட்டும்?

சுபத்ரா

குன்றத்தூர்
9.6.2025

சுபத்ராவுக்கு அநேக ஆசீர்வாதம். உன் லெட்டரைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்துக்கொள். ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம். குத்தினால் கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். மலைக்கோயில் விபூதியை உறைக்குள் வைத்திருக்கிறேன். தினமும் கட்டியின்மேல் பூசு. உன் பிடிவாதத்தை இதில் காட்டாதே.

சுந்தரவல்லி

தாம்பரம்
18.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கூத்தைக் கேளுங்கள். விபூதியோடேயே ஸ்கேனுக்குப் போய்விட்டேன். மிஷினில் மார்பை அழுத்தி எக்ஸ்ரே மாதிரி எடுத்தார்கள். படத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். புற்று இருந்தாலும் அப்படித் தெரியுமாம். டாக்டர் ஜெரூஷா முகமே மாறிவிட்டது.

"பவுடர் ஏதாவது போட்டீங்களாம்மா?"

"பவுடர் இல்ல, குன்றத்தூர் விபூதி."

படம் எடுக்கும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து மறுபடி எடுத்தாள். புள்ளிகள் போச்சு. கட்டி போகவில்லை.

ஊசியால் பரவாது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். சரி என்றுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மரத்துப்போக முதலில் சின்ன ஊசி. அப்புறம் ஸ்கேன் டிவியில் பார்த்துக்கொண்டே பெரிய ஊசியைக் கட்டிக்குள் விட்டார்கள். அது போகிற கோடு எனக்கும் தெரிந்தது. ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்'கென்று ஒரு சத்தம். நூல் மாதிரி சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வரவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

சுபத்ரா

தாம்பரம்
27.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

புற்று இல்லை! சாதாரண நார்க்கட்டியாம். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்தால் போதும். ஸ்ரீவித்யா ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் காபி வாங்கித் தரச் சொன்னேன்.

நேற்று மாப்பிள்ளையின் அம்மா கீழ்க்கட்டளையிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தார். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தம்மா எழுந்துபோய் ரூம் கதவைச் சாத்தினார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன் அண்ணி. திரும்பி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, அந்த ஊசி ரொம்ப வலிக்குமா? எனக்கும் ஒரு கட்டி இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

புதன்கிழமை இரண்டு பேருமாக டாக்டர் ஜெரூஷாவிடம் போகிறோம். இரண்டு வீட்டிலும் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.

சுபத்ரா