அப்பா குழிக்குள் இறங்கக் கூடாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் போதும், உன் அப்பா எங்கிருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறார், பிறகு எதைச் சொல்வது. இப்போது பின்பக்கக் கொட்டகையில் இருக்கிறார். பழைய கயிறுகளை எல்லாம் இறக்கிப் போட்டு ஒவ்வொரு சாணாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி விழுந்த குழிக்குள் அவரே இறங்கப் போகிறாராம், அவனை மேலே கொண்டுவராமல் விடமாட்டாராம். ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டிருக்கிறார், நீ சொன்னால் கேட்பார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் நாங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறோம். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிள்ளைத்தாய்ச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தோம். பனியில் கால் தவறி விழுந்தான் என்று சொன்னோம். கால் தவறி விழவில்லை கண்ணு. அந்தப் பாதையில் தூக்கத்தில் நடக்கச் சொன்னாலும் நடப்பான். அன்று காலையில் நம் மாடி அறைகளில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தைக் காவல் கோபுரம் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். உனக்குத் தெரிந்த வழிதான், சுண்ணாம்புக் காளவாய்களைத் தாண்டி, பழைய கல்பாலம் கடந்து, சண்டைக்காலத்தில் ஜனங்கள் ஒளிந்திருந்த குகையைக் காட்டிவிட்டு, அப்புறம் வெள்ளைப் பாறை மேட்டில் ஏறுகிற வழி. கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. அந்த மேட்டில் பாறையும் வெள்ளை, பனியும் வெள்ளை, நீட்டிய கை தெரியாது. அவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, இங்கயே இருங்க, யாரும் அசையாதீங்க, நான் வழி பாத்துட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இவன் மட்டும் முன்னால் போயிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து குரல் வந்ததாம், கல்லடுக்கு கிடைச்சிருச்சு, இருங்க வந்துடறேன் என்று. ரொம்ப சந்தோஷமாச் சொன்னாருங்க என்று அந்தக் குடும்பத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவன் பேச்சைக் கேட்டு அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கல்லடுக்கு என்றால் என்ன என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று கல் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் வழி அந்தப் பக்கம், நீங்கள் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே உன் அப்பா சொல்லிக்கொடுத்தது. பனி வந்தா கண்ணு ஏமாத்தும், கல்லைப் பாத்து நட என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். பாதையைப் பார்த்துக்கொள்வதே அவர் பிழைப்பு, பாதை நெடுக இருக்கும் அடுக்கெல்லாம் அவர் வைத்தது, சொல்லாமல் இருப்பாரா. வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்தப் பனியில் நடுங்கிப்போய் இருந்த இடத்திலேயே குந்தியிருப்பான், பிழைத்திருப்பான். இவன் கல்லைக் கண்டான், நம்பி நடந்தான். அவன் கண்ட அடுக்கு, பாறைக்கு நடுவே வாய் பிளந்து கிடக்கும் அந்த ஆழக் குழியின் விளிம்பில் இருந்திருக்கிறது. அதற்கு முந்தின நாள் மலைக்கு வந்த ஒரு பெண் போட்டோ எடுப்பதற்காக விளையாட்டாக அடுக்கியது. அப்படி அடுக்கி வைப்பவற்றை உன் அப்பாவும் தம்பியும் மாறி மாறிப் போய்க் கலைத்துவிட்டுத்தான் வருவார்கள், இதைக் கலைக்க ஒரு நாள்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவளே வந்து சொன்னாள். பேப்பரில் பார்த்துவிட்டுத் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒப்பித்ததுபோல் சொன்னாள். எனக்கு அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். உன் அப்பா அவளை உட்காரச் சொன்னார், போட்டோவைக் காட்டச் சொன்னார், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அழகான படம், பின்னால் கோபுரம், முன்னால் அடுக்கு. அடியில் அகலக் கல், நடுவில் கொஞ்சம் சிறியது, மேலே கூரானது. நல்லாத்தான் அடுக்கியிருக்கேம்மா, நான் அடுக்கினாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள், என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்குப் பிடித்தது உன் அப்பாவுக்கு இந்தப் பிடிவாதம். கல்லை நம்பச் சொன்னது நான், போய் எடுக்க வேண்டியதும் நான் என்கிறார். நீங்க என்ன அந்தக் குழியைத் தோண்டினீங்களா என்று கேட்டால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுகிறார்.

மீட்புக்காரர்கள் ஒழுங்காகத் தேடவில்லையோ என்று நினைத்துவிடாதே. நல்ல பிள்ளைகள், தலையில் விளக்கும் இடுப்பில் கொக்கியுமாகத் திரும்பத் திரும்ப இறங்கினார்கள், ஒரு பையனுக்குத் தோளில் கல் விழுந்து கட்டுப் போட்டிருந்தது, அவனும் இறங்கினான். அடியில் தண்ணீர் ஓடுகிறதாம், அது ஒரு இடுக்குக்குள் புகுந்து போய்விடுகிறதாம், அதற்கு மேல் ஆள் நுழைய வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது என்று பார்க்கப் பச்சைச் சாயம் கொண்டுவந்து ஊற்றினார்கள். அது நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சுனையில் வந்தது. குடத்தோடு போன நான்தான் முதலில் பார்த்தேன், தண்ணீர் இலை நிறத்தில் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து தெருவில் ஒருவரும் சுனையில் தண்ணீர் எடுப்பதில்லை, லாரி வருகிறது. எதிர்வீட்டுத் தையல்காரி என்னிடம் வந்து, அக்கா நீங்களும் லாரித் தண்ணியே புடிங்க, நினைச்சாலே ஒரு மாதிரியா இருக்கு என்றாள். எனக்கு ஒரு மாதிரியும் இல்லை. நான் சுனையில்தான் எடுக்கிறேன், அதில்தான் சமைக்கிறேன், உன் அப்பாவுக்கும் தெரியும், ஒன்றும் கேட்பதில்லை. இதைப் படித்து உனக்கு முகம் சுளித்தால் அம்மாவைப் பொறுத்துக்கொள்.

இப்போது அவசரம் என்னவென்றால், மழை நின்றதும் சுற்றுலா ஆபீஸ்காரர்கள் அந்தக் குழியின் வாயைக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடப் போகிறார்கள். கோபுரப் பாதையைத் திரும்பத் திறக்க வேண்டுமாம், ஆள் வரத்து குறைந்துவிட்டதாம். மேலே ஒரு பலகையும் வைப்பார்களாம். அந்த அதிகாரிக்கு வாயில் தேன் ஒழுகுகிறது, உங்க பையன் போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்கம்மா, கோபுரம் பாக்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க என்றான். கோபுரம், காளவாய், கல்பாலம், குகை, இனி உன் தம்பி. அவன் முன்னாலும் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாப் போட்டோவிலும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கான் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய்யும் இல்லை, உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார், ஒன்றிலாவது கண்ணைத் திறந்திருக்கிறானா அந்தக் கழுதை.

மூடறதுக்கு முன்னாடி, தண்ணி வடிஞ்சதும் இறங்கிடணும் என்கிறார் உன் அப்பா. மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறவர். வாலிபத்தில் விழுந்த ஆடுகளைத் தூக்க அந்தக் குழியில் இறங்கியிருக்கிறாராம், தண்ணீருக்கு மேலே ஒரு திட்டு இருக்கிறதாம், இவன் அதில்தான் கிடப்பானாம், மீட்புக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்களாம். அந்த ஆட்டுக் கதையைக் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அதில் திட்டு வந்ததில்லை. இப்போதுதான் முளைத்திருக்கிறது. உன் சித்தப்பாவைக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார், அண்ணே ஆளை விடுங்க, உங்களையும் பறிகொடுக்க என்னால ஆகாது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேறு யாரும் வர மாட்டார்கள். நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, மரத்துல சுத்திக் கட்டிடுவேன், நீ பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுத்தா போதும் என்று என்னிடம் சொல்கிறார். உங்களுக்குத்தான் பித்துன்னா எனக்குமா, நான் வர மாட்டேன் என்று கத்திவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மாடி அறைகளைப் பூட்டிவிட்டேன், யாரையும் வைத்துக்கொள்வதில்லை, கேட்டு வருகிறவர்களைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். உன் தம்பியின் மாற்று பூட்ஸ் வாசல் அலமாரியில் சேறோடு அப்படியே இருக்கிறது, கழுவவும் மனம் வரவில்லை, எடுத்து உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளைதான் சமைக்கிறார் என்றாய், உப்பு உறைப்பு இருக்கிறதோ இல்லையோ முகம் கோணாமல் சாப்பிட்டுவிடு, இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுவார். பிள்ளை அசைவு குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. அழுகை வந்தால் அழுதுவிடு, அடக்காதே, ஆனால் படுத்துக்கொண்டு அழு.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் விட்டால் நான் உன்னை ஏமாற்றியதாக ஆகும். வர மாட்டேன் என்று கத்தினேன் என்று எழுதினேன் அல்லவா. அவர் இன்னொரு தடவை கேட்டால் நான் போய்விடுவேன். அவரால் திரும்ப ஏற முடியாது என்று எனக்குத் தெரியும், இழுத்துத் தூக்க என் கையில் பலம் இல்லை என்றும் தெரியும். தெரிந்தே போவேன். திட்டு கிட்டு எதுவும் அங்கே இல்லை என்று பகலெல்லாம் அவரோடு சண்டை போடுகிறேன், சண்டை போட்டுக்கொண்டே ஒருவேளை இருக்குமோ என்று நினைக்கிறேன். எனக்கும் அவனைப் பார்க்க வேண்டும் கண்ணு. எந்தக் கோலத்தில் இருந்தாலும் சரி, ஒரு தடவை பார்க்க வேண்டும். அதனால் அம்மா பக்கத்தில் இருக்கிறாளே, அவள் தடுத்துவிடுவாள் என்று நம்பி இருந்துவிடாதே.

விரைவுத் தபாலில் சேர்க்கிறேன், கையில் கிடைத்த அன்றே கூப்பிடு. நீ நல்லபடியாகப் பெற்றெடுத்து, நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுசோடு எங்கள் கண் நிறைய இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அப்பாவிடம் கெஞ்சு, திட்டு, பிள்ளையைத் தூக்க நீங்கள் வேண்டும் என்று சொல், எதைச் சொன்னால் கேட்பாரோ அதைச் சொல். அப்படியே என்னையும் போகக் கூடாது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா