பாடி மட்டும் போதும்

முதுநகர்,
ஐப்பசி 2009

அன்புள்ள மகன் இளவரசுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் மழையில் ஊறிப்போய் இங்கே சௌக்கியம், வால்பாறைக் குளிரில் நீயும் விறைக்காமல் சௌக்கியமாக இருக்கத் தில்லைக்காளி துணை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் என் வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் போனில் இரைச்சலுக்கு நடுவே நீ, "பாடி மட்டும் போதும்மா, மத்ததெல்லாம் இங்க இருக்குது, சிதம்பரத்துல கெடைக்கும், கறுப்புக் கலரு, மழை தாங்கணும்" என்றாயா, சிக்னல் போய்விட்டது. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ரவிக்கைக்குள் போடுகிற பாடி எதற்கு, மத்ததெல்லாம் இருக்குதென்றால் என்னென்ன இருக்கிறது என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. இருந்தாலும் பெற்ற பாசம், சிதம்பரம் போய் ஜவுளிக்கடையில் மழை தாங்குகிற கறுப்பு பாடி கேட்டேன். கடைப் பெண் அளவு கேட்டாள், அது என் பிள்ளைக்குத்தான் தெரியும் என்றேன், கடையே திரும்பிப் பார்த்தது. குத்துமதிப்பாக ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிர் ஸ்டுடியோ லூர்துசாமி, "அக்கா, தம்பி சொன்ன பாடி வந்துட்டுது, எடுத்துக்கினு போங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறான். இவனிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறாயே பாவி என்று உள்ளே போனால், லென்ஸ் மாட்டாத கேமராவுக்குத்தான் அந்தப் பேராம், பெட்டியோடு வாங்கி வந்தேன். லீவு நாளில் சிறுத்தையையும் வரையாட்டையும் படம் எடுக்கிறாய் என்று தெரியும், அதற்குப் பாடி வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

அத்தோடு என் சந்தேகம் தீர்ந்தது என்று நினைக்காதே, ஜாஸ்திதான் ஆனது. மலைப் பனிக்குக் கனமானதுதான் தாங்கும் என்று லூர்துசாமி சொன்னானாம், நீதான் சின்னக் கைக்கு அடங்குகிற மாதிரி லேசானது வேண்டும் என்றாயாம். உன் கை முறம் மாதிரி இருக்கும், நான் பெற்ற கை எனக்குத் தெரியாதா. சிறுத்தை கண்ணில் படாமல் ஒளிந்து உட்காரக் கூடாரமும் கேட்டிருக்கிறாய், அதுவும் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. இன்னொரு ஆள் யார், சிறுத்தையா? பெண் என்றால் பெண் என்று எழுது. உன் அப்பா குதிப்பார், பிறகு கால் வலித்து உட்காருவார், அவரை நான் பார்த்துக்கொள்வேன். எனக்குச் சொல்லாமல் தாலியைக் கட்டிவிட்டு போட்டோ மட்டும் அனுப்பினாயோ, அந்தப் போட்டோவை நான் கையால் தொடமாட்டேன். நீள லென்ஸ் இருக்கும்போது கிட்டப் போகாதே, சிறுத்தைக்கு உன் மூஞ்சி தெரியவேண்டிய அவசியம் இல்லை. மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மலையேறவும் வேண்டாம், துணிப்பையில் அரிசி நிரப்பிப் பாறைமேல் வைத்து அதில் கேமராவைப் பதித்தால் ஆடாதாம், உன் அப்பாவின் பச்சை லுங்கியில் பை தைத்துவிட்டேன். நிரப்பிய அரிசியைப் பொங்கித் தின்றுவிடாதே. உன் ரூமுக்குத் தபால் வராதென்று நீ வேலை பார்க்கிற தேயிலைத் தோட்டத்து மேனேஜர் பேருக்கே காலையில் உன் அப்பா கேமராப் பெட்டியையும் பையையும் பார்சல் கட்டி அனுப்பிவிட்டார். காடு மேட்டில் கால் இடறாமல், காய்ச்சல் தலைவலி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா அமிர்தம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கேமராப் பெட்டி இங்கேதான் இருக்கிறது. மேனேஜர் பேருக்குப் போயிருப்பது லுங்கிப் பையும் ஜவுளிக்கடையில் வாங்கியதும். அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டு எழுது.