பதினேழாம் எண்ணின் கேமரா

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் தம்பியும் நலம், அவனுக்குப் பல்வலி தேவலை. நீயும் மருமகனும் நலமாக இருங்கள். விசாரிப்பு முடிந்தது, இனி திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

வீட்டிலேயே முதல் ஆளாக டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை, நான் இங்கிருந்தே கம்ப்யூட்டரில் வகுப்பெடுத்து அவர்களைக் கொண்டுவருகிறேன் என்று என்னிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டாய்! அதை நம்பித்தானே எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் மகளை, டாக்டருக்குப் படித்தும் வாயே திறக்காத அந்தப் பூனையை, நான் கெஞ்சிக் கூத்தாடிச் சேரவைத்தேன். உன் பட்டியலில் அவள் வெறும் பதினேழாம் எண். நேற்று அவளுக்கு உன் மெயில் வந்தது. கேமராவை மூடிக்கொண்டு ஒளிகிறவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாதாம், பக்கத்தில் கிசுகிசுப்பு கேட்கிறதாம், யாரோ விடை சொல்லித் தருகிறார்களாம், பெயரை எடுத்துவிட்டாயாம். அடி பாவி, எப்படியடி மனசு வந்தது உனக்கு?

பக்கத்தில் ஆள் இருந்தது நிஜம்தான். அது நான். என் டியூட்டி முடிந்ததும் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நாங்கள் சாப்பிடுகிற இடத்தில், டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்துவைத்து அவள் பாடம் கேட்பாள், நான் உன் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு நீ மாதம் ஒரு தடவை பேசுகிறாய், அதுவும் அவசர அவசரமாக. இங்கே வாராவாரம் முழுதாக ஒரு மணி நேரம் கிடைத்தது. அத்தை, கேமரா போடட்டுமா என்று முதல் நாளே கேட்டாள். வேண்டாம் என்றது நான்தான். ஏன் என்று உனக்குத் தெரியாதா? இரண்டு வருஷத்துக்கு முன் வீடியோவில் பேசும்போது உங்கள் பெரிய டாக்டர் உன் பின்னால் வந்தார். அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ, யூனிஃபார்ம் தெரியுது என்றாய். தள்ளிக்கொண்டேன். அன்றைக்குத் தள்ளியவள்தான் இன்னும் தள்ளியே உட்கார்ந்திருக்கிறேன்.

விடை நான் சொன்னேன் என்றா நினைத்தாய்? நீ காட்டிய நெஞ்சுப் படத்தில் இதயம் வலப்பக்கம் என்று எல்லாரும் எழுதினார்கள். இவள் மட்டும், இடம், வலம் காட்டுகிற எழுத்தை மாற்றி வைத்துப் படமெடுத்திருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள் என்று எழுதினாள். அந்த ஈய எழுத்தை இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வைக்கிற எனக்கே அது கண்ணில் படவில்லை. கண்டுபிடித்தவளைத் திருடி ஆக்கிவிட்டாய். நமக்கெல்லாம் அது வராது அத்தை, விட்டுருங்க என்கிறாள் இப்போது. அவள் அப்பா லிஃப்டில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே கடை விரித்தாய், வந்தவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவா? எனக்காகச் சலுகை எதுவும் காட்டாதே, செய்த தப்பைத் திருத்து.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, போன வாரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாய். நீ நன்றாக இருப்பதில் எனக்குக் கோபமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதினேழாம் எண்ணைத் திரும்பச் சேர், அவளிடம் மன்னிப்புக் கேள். அன்றைக்கு வகுப்பில் அவள் கேமரா திறந்திருக்கும். யூனிஃபார்மோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை தள்ளிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எக்ஸ்ரே அறை அட்டெண்டர்