மானியம் வந்துச்சா பெரியம்மா?

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அந்த ஊர்க் குளிரில் விரல் மரத்துப்போய், வேலையில் கைதவறி விழுந்த திருகாணிகளைத் தரையில் தேடிக்கொண்டிருப்பதாக அடுத்த வரியில் எழுதினால் நான் எதை நம்புவது? போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், ஒரு விஷயமும் போய்ச் சேராது. அதனால்தான் கடிதம்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். கையெழுத்துப் போடாதே. இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் தங்குவதற்குத் தனி அறை, ஒரு வருடம் என்றால் இப்போதுபோல நெருக்கியடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான் என்று உன் கம்பெனியில் சொல்கிறார்களாமே. சொல்லட்டும். மாதக் கடைசிவரை இழுத்தடி. தலைவலி என்று சொல், வீட்டில் கேட்க வேண்டும் என்று சொல். அதற்குள் இங்கே மானியம் வந்துவிடும் போலிருக்கிறது. கல்லூரியின் கணினிக் கூடத்துக்குப் புது இயந்திரங்களும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தர ஆளும் வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஆளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பகுதியை உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன். செத்துப்போன கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே உயிர்ப்பிக்கத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

இந்தப் 'போலிருக்கிறது' வரை வருவதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. ஒரு கம்பெனி கல்லூரிகளுக்கு அள்ளித் தருகிறது, ஆனால் இதற்கு முன்னால் அவர்களிடமே மானியம் வாங்கியிருந்தால்தான் தருமாம். அப்படியானால் முதல் மானியத்தை எப்படித்தான் வாங்குவது என்று போன் போட்டுக் கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அரசுத் துறை ஒன்று கட்டடம் கட்டத் தரும், கட்டடத்துக்குள் வைக்க ஒன்றும் தராது. இன்னொருவருக்குப் 'புதுமை' வேண்டும். நம் கூடத்தில் பாதி கம்ப்யூட்டர் ஓடினாலே அது புதுமைதானே! இத்திட்டத்தால் எத்தனை பேர் வாழ்க்கை மாறும் என்று ஒரு கேள்வி. என் வாழ்க்கை ஏற்கெனவே நாறிப்போய்விட்டது என்று எழுதலாமா என்று யோசித்தேன். எல்லாவற்றையும் நிரப்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினால், நேரம் கடந்துவிட்டது, மறுபடி உள்ளே வாருங்கள் என்கிறது அந்த இணையதளம். என் வீட்டுக்காரர், "இங்க கத்துறத அவங்க ஆபீஸ்ல போய்க் கத்தினா, பயந்துகிட்டாவது குடுப்பாங்க" என்கிறார்.

போன தடவை மானியமாக வந்த எந்திரக் கை உனக்கு நினைவிருக்கும். மின்கம்பிகளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம். படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் எந்திரக் கையைத் தந்தார்கள். அதை ஓட்டினால் மாடி முழுவதும் ஃபியூஸ் போகிறது. இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது, மேலே டீ டம்ளர்களை வைக்கிறோம்.

இந்தத் தடவை கேட்டிருப்பது ஓர் அறக்கட்டளையிடம். வசதியில்லாத கல்லூரிகளின் கணினிப் படிப்புக்கென்றே தருகிறவர்கள். அடுத்த வாரம் நேரில் பார்க்க ஓர் அம்மாள் வருகிறார். இது கைவிட்டால் மாலை வகுப்பை இந்தப் பருவத்தோடு மூடிவிட வேண்டியதுதான் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருகிறவரும், துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வருகிற பெண்களும் ஒரே திரைக்கு முன்னால் மூன்று மூன்று பேராக இடித்துக்கொண்டு படிக்கிறார்கள். அவர்களிடம் போய் எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை உன் மகளைப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர்தான் பின்னல் போட்டுவிட்டிருந்தார், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்கவில்லை. "மானியம் வந்துச்சா பெரியம்மா?" என்று கேட்டாள். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே தெரியாது. யார் மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். மறுபடியும் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே.

உன் மனுக்காரி


அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

கையில் ஏதாவது சூடான கருவி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி. அந்த அம்மாள் வந்தார், போனார், திரும்ப வந்தார், திரும்பப் போனார். மானியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

வருவதற்கு முதல்நாள் நம் முதல்வருக்கு ஒரு யோசனை உதித்தது. "விருந்தாளி வர்றப்ப கிழிஞ்ச பாயையா விரிப்போம்?" என்றார். கணக்கு அலுவலகம், நூலகம், அவருடைய சொந்த அறை என்று கல்லூரியில் ஓடுகிற அத்தனை கம்ப்யூட்டர்களையும் நம் கூடத்துக்குத் தூக்கி வரச் சொன்னார். செத்ததையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே தள்ளித் துணி போட்டு மூடினார்கள். ஃபியூஸ் போகக் கூடாதென்று மற்றக் கட்டடங்களுக்கெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். எந்திரக் கையைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து நிறுத்தியாயிற்று. கணக்கர் அழாத குறை. நான் முதல்வரிடம், "சார், இல்லாதவங்களுக்குத்தான் அவங்க குடுக்கிறாங்க, எல்லாம் இருக்கிற மாதிரி காட்டினா எப்படி?" என்று கேட்டேன். "கேக்கிறதா இருந்தாலும் கௌரவமா கேக்கணும்மா" என்றார். கௌரவம்! தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து எல்லாம் சரியாக நடந்து தொலைத்தது. நீ இருந்த காலத்தில்கூட அத்தனை திரைகளும் ஒரே நேரத்தில் எரிந்ததில்லை. எந்திரக் கை ஒரு பேனாவைத் தூக்கி மறுபடி வைத்தது, சனியன். அந்த அம்மாள் வரிசை வரிசையாகப் பார்த்தார், சிலவற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. உண்மையச் சொல்லணும்னா, எங்க உதவி உங்களுக்குத் தேவையே இல்ல" என்றார். முதல்வரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எல்லாம் உங்கள் ஆசீர்வாதம் என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார். கார் வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, "எப்படிப் பாராட்டினாங்க, பாத்தீங்களாம்மா?" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல். எனக்கு அப்போது நினைவில் இருந்ததெல்லாம் உன் மகளின் கோணல் பின்னல்தான்.

அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் குடை கிடந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். கட்டணம் கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்று கத்துகிறார்கள் என்று கணக்கர் அதற்குள் வயர்களைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். எல்லோரும் தூக்கத் தொடங்கட்டும் என்று காத்திருந்து, அதற்கப்புறம்தான் அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன். "குடைய விட்டுட்டுப் போயிட்டீங்கம்மா. குடுத்தனுப்பலாம்னா இங்க ஒருத்தருக்கும் கை ஒழியல. சிரமம் பாக்காம நீங்களே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றேன். பொய்யில்லை. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தது.

அவர் படியேறும்போது கணக்கர் திரையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் நூலகத்து அம்மா, வயர் தரையில் இழுபட, இரண்டு அக்குளிலும் விசைப்பலகைகளோடு. அவருக்குப் பின்னால் தன் கம்ப்யூட்டரைத் தானே சுமந்துகொண்டு நம் முதல்வர். இதெல்லாம் எங்கே போகிறது என்று அந்த அம்மாள் கேட்டார். "சர்வீஸுக்கு" என்றார் முதல்வர். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "வந்த எடத்துக்கே போகுதும்மா" என்றேன்.

அவரை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்த் துணியை விலக்கிக் காட்டினேன். ஒவ்வொரு பிணத்தின் மேலும் நீ ஒட்டிய துண்டுச் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. 'இருதயம் நின்றுவிட்டது.' 'கண் போய்விட்டது, மூளை நலம்.' 'உறுப்பு தானம் செய்தாயிற்று.' அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். இதை எழுதியவர் யார் என்று கேட்டார். மாலை வகுப்பு இத்தனை நாள் ஓடியதே உன்னால்தான் என்றும், போன திட்டம் முடிந்ததும் ஆள் வேண்டாம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னேன். இப்போது எங்கே என்றார். "எங்கயோ குளிர்ல திருகாணி தேடிக்கிட்டிருக்கா, சின்னப் பொண்ண இங்க விட்டுட்டு" என்றேன். அவர் குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல்வர் என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது. நீ இன்னும் கொஞ்ச நாள் இழுத்தடி, என் கண்ணே. கோபித்துக்கொள்ளாதே.

உன் மனுக்காரி


அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மானியம் வந்துவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர்கள் வருகின்றன. மின்கம்பிகளை மாற்றவும் தருகிறார்கள். மாலை வகுப்பு மூடப்படாது. செய்தியைச் சொன்னபோது பஸ் ஓட்டுநர் எழுந்து நின்று கைதட்டினார். இனி ஆளுக்கொரு திரை என்றேன்; பழகிப்போச்சு டீச்சர், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே உட்காருகிறோம் என்கிறார்கள். முதல்வரும் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். "உள்ளத உள்ளபடி காட்டித்தான் கேக்கணும்னு நான் அப்பவே சொன்னேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும்.

மீதியையும் சொல்லித்தானே ஆக வேண்டும். ஆளுக்கு இல்லையாம். பொருள்களுக்குத் தருவார்கள், சம்பளத்துக்குத் தர மாட்டார்களாம், அது அவர்கள் விதியாம். அந்த அம்மாளே போன் செய்து சொன்னார். "உங்க டாக்டரம்மாவுக்காக நானும் சண்டை போட்டுப் பாத்தேன்மா, முடியல" என்றார். அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தும் கத்திவிட்டேன். பொருளைப் பொருளே பார்த்துக்கொள்ளுமா, அந்த எந்திரக் கை எழுந்து வந்து கழற்றி மாட்டுமா என்று கேட்டேன். அவர் பாவம், கேட்டுக்கொண்டிருந்தார். கல்லூரிப் பணத்திலாவது போடுங்கள் என்று முதல்வரிடம் போய் நின்றேன். "நீங்களே பாத்துக்க மாட்டீங்களாம்மா?" என்றார். ஆக, இனிமேல் நான்தான் திருப்புளி பிடிக்க வேண்டும். முதல் நாளே புகை வந்தால் ஆச்சரியப்படாதே.

உன் மகளிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று போனேன். வாசலிலேயே, "மானியம் வந்துச்சா பெரியம்மா?" என்றாள். வந்துவிட்டது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்பா, வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளைத் திரும்பக் கூப்பிட்டு, மடியில் உட்கார வைத்து, கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது, அம்மாவுக்கு வரவில்லை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் அது என்ன மானியம்?" என்றாள். நானும் இத்தனை வருடமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யார் பதில் சொன்னார்கள்?

அதனால், கையெழுத்துப் போட்டுவிடு. போடாதே போடாதே என்று கழுத்தை அறுத்தவளும் நான்தான், இப்போது போடு என்கிறவளும் நான்தான். திட்ட வேண்டுமென்றால் நன்றாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

ஆள் சம்பளத்துக்கென்றே தருகிற இடம் ஒன்று இருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். அடுத்த வருடம்தான் விண்ணப்பம் வாங்குவார்களாம். நீ அதை நம்பி எதுவும் செய்துவிடாதே. நானே நம்பவில்லை. சும்மா எழுத ஆரம்பித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நல்லா இரு. கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், விரல் நுனியை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டால் திருகாணி நழுவாது. தனி அறை இல்லாமல் அந்தக் கூட்டத்தில் படுத்துத் தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் இரண்டு வருடத்துக்குப் போடாதே. ஒரு வருடத்துக்கு மட்டும் போடு, என்ன?

உன் மனுக்காரி