மாமாவுக்கு மாற்று ஆள்

என் அக்கா பெற்ற ஒரே மகளும், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் கணக்கையெல்லாம் ஒற்றைக் கையால் தாங்கி நிற்பவளுமான செல்லத்துக்கு,

மெத்தைத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவைத் தனியாட்சி செய்யும் உன் மாமா எழுதுவது. நான் நலம். என் முதுகு மட்டும் அவ்வப்போது கலகம் செய்கிறது, அடக்கி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. முக்கால்வாசி அங்கே பெய்யும் மழையைப் பற்றி. கடைசி ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. மருத்துவர் படுத்தே இருக்கச் சொல்கிறாராம். பேறுகால விடுப்பை இப்போதே தொடங்கினால் குழந்தை பிறந்தபின் நாட்கள் குறைந்துவிடுமாம். அதனால் வலி வரும்வரை அலுவலகம் போவாயாம், சமாளித்துக்கொள்வாயாம். மாப்பிள்ளையைப் பற்றி இந்தத் தடவையும் ஒன்றுமில்லை. நானும் கேட்கவில்லை. மழையைப் பற்றி மட்டும் நிறையத் தெரிந்துகொண்டேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். நேரே மேலாளர் அறைக்குப் போய், ஆறு மாதம் விடுப்பு வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடி தானாகக் கழன்று மேசையில் விழுந்து மயங்கியது. நான் விடுப்பு கேட்டது அதுதான் முதல் தடவை. ஊரையே தூங்க வைக்கும் தொழிற்சாலையில் ஓய்வே எடுக்காத ஒரே பிராணி நான். எங்கள் கம்பெனியில் எடுக்காத விடுப்பைச் சேர்த்து வைக்கலாம். என்னுடையதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் ஏறிக் கால் நீட்டலாம்.

ஆனால் ஒரு சிக்கல். விடுப்பு கேட்பவர், தான் இல்லாதபோது வேலையைப் பார்க்கப்போகும் மாற்று ஆள் யாரென்று சொல்ல வேண்டும். மாமா எங்கே போகப்போகிறார் என்ற தைரியத்தில், தையல் மேஸ்திரி முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோரும் என் பெயரையே எழுதிப் பழகிவிட்டார்கள். கல்யாணமா, காய்ச்சலா, மாமனார் வீட்டில் சண்டையா, மாற்று ஆள் நான்தான். நானும் பட்டம் சூட்டிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பழக்கம் என்ன செய்தது தெரியுமா? என் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப உட்கார்ந்தேன். மாற்று ஆள் என்ற இடம் வந்ததும் கை தானாக என் பெயரையே அடித்துவிட்டது.

கணினி சிவந்தது. மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஓடிவந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்லாதப்போ உங்க வேலையை நீங்களே பாப்பீங்களா சார்?" என்று கேட்டாள். பார்த்தாலும் பார்ப்பேன் என்றேன். வேறு பெயர் சொல்லுங்கள் என்றாள். என் வேலை தெரிந்த இன்னொரு ஜீவன் இந்தப் பூமியில் இல்லை என்று, கொஞ்சம் பெருமையாகவே, சொல்லித் தொலைத்தேன். அது காதில் விழுந்த மேலாளர் அதையே பிடித்துக்கொண்டார். "அதான் நீங்களே சொல்லிட்டீங்களே. நீங்க போனா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டார். என் வாய்தான் எனக்குப் பூட்டு.

கொஞ்சம் பொறு. பூட்டை உடைக்கிறேன். அதுவரை படி ஏறாதே, பை தூக்காதே, உன் மேலதிகாரியிடம் பல்லைக் காட்டாதே.

இப்படிக்கு,
மாற்றே இல்லாமல் மாட்டிக்கொண்ட மாமா


மாமா அசடு வழிந்த கதையைப் படித்து, வயிறு குலுங்காமல் சிரிக்க வேண்டிய என் செல்லத்துக்கு,

அந்த மனிதவளப் பிரிவுப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் மேலாளர் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "இவர் லீவே எடுக்காதது இவரோட பெருமை இல்ல சார், நம்மளோட குறை. இன்னொரு ஆளை நாமதான் தயார் பண்ணியிருக்கணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தவனைக் குறை என்று சொல்லிவிட்டாளே. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். வியாழக்கிழமை ஒரு நாள் இவர் விடுப்பில் போகட்டும், கம்பெனி மூடுகிறதா பார்ப்போம்.

வியாழக்கிழமை நான் வீட்டில் இருந்தேன் என்றா நினைக்கிறாய்? காலையிலேயே தொழிற்சாலைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். கூரை சரியும், புகை கிளம்பும், மேலாளர் தலைவிரி கோலமாக ஓடிவந்து என் காலில் விழுவார், நான் பெரிய மனதோடு எழுப்பிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். வாயிற்காவலர் சாலையைக் கடந்து வந்து, "இன்னும் எத்தனை பஸ்ஸைத்தான் விடுவீங்கண்ணே?" என்று கேட்டுவிட்டு, வெயில் படாத பக்கமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மதியம் ஒரு லாரி வாசலுக்கு வந்தது. ஒற்றை மெத்தைகளை அடியில் போட்டு, இரட்டை மெத்தைகளை மேலே ஏற்றியிருந்தார்கள். சரக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு கால் சாலையில் இறங்கிவிட்டது. அதற்குள் தையல் மேஸ்திரி வெளியே வந்து பார்த்தார், கை காட்டி லாரியை நிறுத்தினார், எல்லாவற்றையும் இறக்கிச் சரியாக ஏற்றச் சொன்னார். நான் செய்வதைவிட மெதுவாகத்தான். ஆனால் சரியாக. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடைசி லாரியும் நேரத்துக்குப் போனது. என்னை ஒருவர்கூடத் தொலைபேசியில் கூப்பிடவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவமானத்தில் வெந்தேன். பிறகுதான் உறைத்தது. நான் இல்லாமல் நடக்கிறது என்றால் நான் போகலாம். பேருந்து நிறுத்தத்தில் தனியாகச் சிரித்த கிழவனைப் பார்த்து ஓர் அம்மாள் தள்ளி நின்றாள்.

மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாற்று ஆள் தையல் மேஸ்திரி. "கம்பெனி மூடலையே" என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்தான், சோம்பேறி. பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிறு மாலை உன் வாசலில் நிற்பேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் விடுப்பை நாளையே தொடங்கு. பின்னால் குறையும் நாட்களை என்ன செய்வது என்றுதானே பயந்தாய்? அவற்றை என் விடுப்பிலிருந்து போட்டுக்கொள்வோம். நீ மறுபடி வேலைக்குப் போகும்போது பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன். உன் கம்பெனியும் என் கம்பெனியும் ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்க்கப்போகின்றன. தையல் மேஸ்திரி மிச்சத் துணியில் ஒரு குட்டி மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறார். பெட்டியில் அதை வைத்தபின் என் சட்டைகளுக்கு இடமில்லை. இரண்டே சட்டையோடு வருவேன், பரவாயில்லை.

வாசல்வரை வந்து வரவேற்க வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் படுத்திரு. மழையைப் பற்றி எழுதி மறைத்ததையெல்லாம் நேரில் சொல். சொல்லப் பிடிக்காவிட்டால் சும்மா இரு, நானே பேசிக்கொண்டிருப்பேன். உன் அம்மா இருந்தால் எனக்கு முன்னால் அவள் வந்து நின்றிருப்பாள்.

வீட்டில் இனி உனக்கு யார் துணை என்று அங்கே யாராவது கேட்டால், மாற்று ஆள் என்று என் பெயரைச் சொல். இந்த ஒரு இடத்தில் அது தப்பில்லை.

நீயும் உள்ளே இருக்கும் குட்டி முதலாளியும் நலமாக இருக்க வேண்டும்.

முழுச் சம்பளத்தோடு,
உன் மாமா