சுவருக்குப் பின்னால் கேட்ட கேள்விகள்

கின்போத் 22

இன்று என் மூளையைக் கழற்றிக் காட்டினால் ஜிம்மா ஊரே கூடிப் பார்க்கும். அப்படிப் பளிச்சென்று இருக்கிறது!

மதியச் சாப்பாடு முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். நான், கெத்னெத், ஒரு கட்டு சாத் இலை, வேர்க்கடலை, சர்க்கரையை அள்ளிப் போட்ட டீ. விடுதிக்குள் இலை கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. இருக்கட்டும், பாவம்.

மென்று மென்று கன்னம் உப்பியது, மிர்கானா என்கிற அந்த இலைக் கிறக்கம் ஏறியது. அந்த நேரம் வந்துவிட்டால் எதுவும் கஷ்டமில்லை. நான் முட்டி மோதிய கான்கிரீட் கணக்கெல்லாம் கெத்னெத் சொல்லச் சொல்ல வெண்ணெயாக உள்ளே இறங்கியது. நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்து, கிபே ஆற்றில் புதுப் பாலமும் கட்டி முடித்துவிட்டோம். மிர்கானா இறங்கினால் பாலம் இருக்காது. அது வேறு விஷயம்.

அடுத்த மாதம், சனே 17-ல், எக்ஸிட் எக்ஸாம். அதில் தேறாவிட்டால் ஐந்து வருடம் சிவில் படித்தும் பட்டம் கிடையாது. கெத்னெத் எங்கள் வகுப்பிலேயே முதல், கோஜாம் மலைக்காரன். நான் தேற வேண்டுமென்றால் எனக்கு கெத்னெத் வேண்டும். கெத்னெத்துக்கு இலை வேண்டும். ஆகவே இலை வாங்கி வருவது என் பொறுப்பு. சந்தோஷமான பொறுப்பு!

கின்போத் 25

பசி சுத்தமாக இல்லை. வயிறும் போகவில்லை. போனால் போகிறது, மண் இயக்கவியல் முழுசும் முடிந்தது!

கின்போத் 28

ரஹ்மெத் வந்தாள். என் பெரியப்பா மகள், இங்கேதான் நர்சிங் கடைசி வருடம். என்னைவிட இரண்டு மாதம் சின்னவள், ஆனாலும் வாடா போடாதான். வந்ததும் வராததுமாக என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து, இது நெஞ்சா மாவு மில்லா என்று கேட்டாள். கெத்னெத் கையைப் பிடித்தபோது மட்டும் கிண்டல் வரவில்லை. அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்டாள். பரீட்சை முடிந்து மொத்தமாகத் தூங்கிக்கொள்வதாகச் சொன்னான். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் அரக்கே சாராயமும், கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கிற தூக்க மாத்திரையும் போடுவானாம். அதை எனக்கே இன்றுதான் சொன்னான்.

"இலை ஏத்துது, சாராயமும் மாத்திரையும் இறக்குது. நடுவுல கிடந்து அடிபடுறது உன் நெஞ்சுதான்டா. ஒருநாள் தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். எங்களுக்கு அப்போது எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

சனே 1

எழுதக் கூடாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. கேள்விகள் கிடைத்துவிட்டன!

இலை மென்றுகொண்டிருந்த கெத்னெத் திடீரென்று தன் கட்டிலை ஒட்டிய சுவரில் காதை வைத்தான். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், வாத்தியாருங்க பேசிக்கிறாங்க. கேள்விய ஒவ்வொண்ணா படிச்சுச் சரிபாக்குறாங்க. கேக்குதா?"

நானும் காதை வைத்தேன். வெளியே மழை. அதற்குள் ஏதோ முணுமுணுப்பு. கேட்கிறது என்றேன். கேட்டதா? கேட்ட மாதிரிதான் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்ன கேள்விகள்! பரீட்சை வாடை அப்படியே அடிக்கிறது. ஊரில் எல்லாருக்கும் கேள்வித்தாள் போனில் வரும் என்பார்கள். எங்களுக்குச் சுவரில் வருகிறது!

சனே 3

இன்னும் வருகிறது. அவன் வாய் ஓயவில்லை, என் கை ஓயவில்லை. இலை மட்டும் தீர்ந்துபோகிறது. போய் வாங்க வேண்டும்.

சனே 5

நாங்கள் ஒட்டுக்கேட்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாம். கெத்னெத் ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டான். கிசுகிசுத்துத்தான் பேச வேண்டுமாம். "என் பேரைச் சொல்லிச் சிரிக்கிறாங்கடா" என்றான். வகுப்பில் முதல் மாணவன் என்பதால் பெருமையாகப் பேசுவார்கள் என்று சமாதானம் சொன்னேன். லேசாகப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், இவ்வளவு கேள்விகள் கையில் இருக்கும்போது யார் நிறுத்துவார்கள்?

சனே 6

இலை மெல்லவில்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ரஹ்மெத் வந்தாள். சந்தோஷம் தாங்காமல் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். எந்தச் சுவர் என்று கேட்டாள். காட்டினேன். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் ஜன்னல் கம்பளியை இழுத்துப் போட்டாள்.

"நெஜிப், இங்க வந்து வெளிய பாரு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்னடா இருக்கு?"

ஒன்றுமில்லை.

மூன்றாவது மாடியில் கடைசி அறை எங்களுடையது. அந்தச் சுவரோடு கட்டிடமே முடிகிறது. அதற்கு அப்பால் காற்று, கீழே சேறு, யூகலிப்டஸ் மரங்கள். நான் சிவில் படிக்கிறவன். இந்த அறையிலேயே வருடக்கணக்காக இருக்கிறேன். எது வெளிச்சுவர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் காதை வச்சேன். கேக்குதுன்னு சொன்னேன். நான் மட்டும் கேக்கலைன்னு சொல்லியிருந்தா—

ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை கெத்னெத் கேட்டுவிட்டான். "இல்ல மச்சான், அங்கதான் நிக்கிறாங்க, காட்டுறேன் பாரு" என்று ஜன்னலில் ஏறினான். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. நான் இடுப்பைப் பிடித்தேன், ரஹ்மெத் சட்டையைப் பிடித்தாள். சட்டை கிழிந்தது. இடுப்பு என் பிடியில் நின்றது, உள்ளே இழுத்துப் போட்டோம்.

சனே 8

தூங்குகிறான்! நேற்றிலிருந்து தூங்குகிறான்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் குறட்டை விடுவதை உட்கார்ந்து கேட்டேன். இதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

டாக்டர் சொன்னது: இடைவிடாமல் இலை, தூக்கமே இல்லை, அதில் வந்த கோளாறு. எல்லாருக்கும் இப்படி ஆகாது, யாருக்கு ஆகும் என்று முன்னாலேயே சொல்லவும் முடியாது. மறுபடி மென்றால் மறுபடி வரலாம். நான் மெல்லாமல் இருப்பதால் உடம்பு கல்லாகக் கனக்கிறது, எதைப் பார்த்தாலும் எரிச்சல். பரவாயில்லை.

சனே 11

இன்று புதன்கிழமை, கெத்னெத்தின் சபையில் பாலும் இறைச்சியும் தொடாத நோன்பு நாள். ரஹ்மெத் பால் கொண்டுபோனாள். "நோன்பு நாள்ல பாலா? இத்தனை வருஷம் என்கூடப் பழகி என்ன பிரயோஜனம்?" என்று திட்டினானாம்! பழைய கெத்னெத்! ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு இஞ்ஜெரா ரொட்டியை ஷிரோ குழம்போடு சாப்பிட்டேன். இன்னொன்றும் கேட்டேன். எனக்குப் பசிக்கிறது!

சனே 17

பரீட்சை எழுதினேன். பக்கத்து நாற்காலி காலி. சுவர் சொன்ன கேள்விகளில் சில அப்படியே வந்தன. வராமல் என்ன? எல்லாம் அவன் தலையிலிருந்து வந்தவைதானே. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி அழுதேன். மேற்பார்வையாளர் கேள்வி கடினம் போல என்று நினைத்து முதுகைத் தட்டினார்.

ஹம்லே 9

தேறிவிட்டேன்!!! ரஹ்மெத்தும்!

போனில் கெத்னெத் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான். அவன் அடுத்த சுற்றில் எழுதப்போகிறான்.

ஹம்லே 14

கெத்னெத் அகாரோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. மருந்து வேளை தவறாமல் போகிறது. காப்பியைக்கூட பாதிக் கோப்பையில் நிறுத்திக்கொள்கிறான். இனி அவனுக்குப் படிப்பு சொல்லித்தருவது நான்! உலகம் தலைகீழாகிவிட்டது என்று அவனே சிரித்தான்.

மாலையில் ஆரம்பித்தோம். நான் ஜன்னலைப் பார்த்து நின்றபடி கான்கிரீட் பாடத்தில் முதல் கேள்வியைப் படித்தேன். பதில் வரவில்லை. மறந்துவிட்டானோ என்று இன்னொரு தரம் படித்தேன்.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருடா" என்றான்.

"ஏன்?"

"வாயைப் பாத்துக்கிட்டே கேக்குறேன். அப்பத்தான் கேட்டது நீதான்னு தெரியும்."

திரும்பி, அவனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வியை மறுபடி படித்தேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். சரியான பதில்.